முக்காலன் வாய் திறந்த பின்னேரம்

பெட்டிக்குள் இருக்கிற மனிதனை நம்பக் கூடாது. அவன் கையில் ஒரு மைக்கையும் கொடுத்து, வெளியே ஊரைக் கூட்டிக் கைதட்டவும் விட்டால், அவனுக்குத் தலைகால் தெரியாது. இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்த விசரன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. முள்ளியவளையில் ஒரு சின்னக் கொமினிகேசன் கடையில் வேலை. போட்டோக் கொப்பி எடுப்பது, போன் காட் விற்பது, ஊராரின் விண்ணப்பம், முறைப்பாடு, கலியாணக் குறிப்பு எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பது. ஆறு மாதக் கணினி டிப்ளோமா ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் சுவரில் தொங்கியது. அதனால் ஊரில் யாருடைய ரேடியோ பழுதானாலும் என்னிடம்தான் வரும். எனக்கு ரேடியோவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்து, "ம்ம்… இது கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்ல நன்றாகத் தெரியும்.

உண்மையில் திருத்துவது தர்சினி. பக்கத்துத் தையல் கடையில் வேலை செய்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ஒரு கையில் சோற்றுப் பாசலும் மறு கையில் டெஸ்டருமாக நின்று, பத்து நிமிடத்தில் ரேடியோவைப் பாட வைத்துவிட்டுப் போவாள். பெயர் எனக்கு. (அவளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அந்த வயதில் எனக்கு வெட்கம் எல்லாம் தவணை முறையில்தான் வந்தது.)

அந்த வருடம் சனசமூக நிலைய ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வழக்கமாக ராசா ராணி நாடகம்தான் போடுவார்கள். நான் படித்தவன் அல்லவா, காலப் பயணி நாடகம் எழுதினேன். முந்நூறு வருடத்துக்கு அப்பால் இருந்து ஒருவர் காலக் கப்பலில் ஏறி எங்கள் ஊருக்கு வந்து இறங்குகிறார். அந்தக் கப்பலில் முக்காலன் என்று ஒரு கணினி. முக்காலனுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. காலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டும், நெல்லுக்கு வந்த நோயைப் பார்த்த உடனேயே சொல்லும், புட்டு அவிக்கும். தோட்டத்துக்குள் இறங்கும் யானைகளுடன் அவற்றின் பாசையிலேயே கதைத்துத் திருப்பி அனுப்பும். (இந்த இடத்தில் ஒத்திகை பார்க்க வந்த கமக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.)

முக்காலன் என்பது ஒரு பிரிட்ஜ் வந்த மட்டைப் பெட்டி. அதில் கலியாண வீட்டு மின்குமிழ்களைப் பூட்டி, நான் பேசும்போது மட்டும் அவை மின்னுகிற மாதிரி வயர் இழுத்தவள் தர்சினி. காலப் பயணியும் அவள்தான். ஏனென்றால் எங்களிடம் இருந்த ஒரே ஹெல்மெட் அவளுடைய தலைக்குத்தான் பொருந்தியது.

இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பை நிறுத்தி ஒரு விசயம் சொல்ல வேண்டும்.

கொழும்புப் பக்கம் ஒரு கப்பல் தளத்தில் மின்வேலைப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு வருடம், தங்குமிடமும் உண்டு. தர்சினி விண்ணப்பித்தாள். டைப் அடித்தது நான், பதில் வரக் கொடுத்த முகவரியும் எங்கள் கடைதான். வீட்டுக்குக் கடிதம் போனால் அப்பா கண்டுவிடுவார் என்று அவளுக்குப் பயம். அவளுடைய அப்பா மலைநாட்டில் இருந்து வந்து, காடு வெட்டி, கச்சான் கடலை போட்டு எழும்பின மனுசன். யுத்தத்தில் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். மிச்சம் இருக்கிற பிள்ளை கண்ணுக்கு எட்டின தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே சட்டம். அவரில் பிழை சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது.

விழாவுக்கு நாலு நாள் முந்தித் தெரிவுக் கடிதம் வந்தது. அதை வாசித்துவிட்டு அவள் கடைக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "திங்கக்கிழமை மாங்குளத்தில இருந்து மாமி வாறா. மாமி பக்கத்தில இருந்து சொன்னா அப்பா கேப்பார். அதுவரைக்கும் ஒருத்தரிட்டையும் மூச்சு விட்டிடாதேங்கோ." வியாழக்கிழமை அவள் கொழும்பில் நிற்க வேண்டும். நான் ஓம் என்றேன். சத்தியமும் பண்ணினேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று எனக்கே அப்போது விளங்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் பொய்.

ஞாயிறு பின்னேரம் நாடகம் தொடங்கியது. நான் பெட்டிக்குள் மைக்கோடு குந்தியிருந்தேன். வெக்கை அவித்து எடுத்தது. யானைக் காட்சி வரைக்கும் பிசகில்லை. அதற்குப் பிறகு யானையாக வந்த இருவரும் சாக்குத் துணிக்குள் சிக்குப்பட்டுக் கொண்டார்கள். முன்கால் வெளியே வந்துவிட்டது, பின்கால் வரவில்லை. அவிழ்த்து எடுக்க நேரம் வேண்டும். நிலையத் தலைவர் மேடைக்கு ஓடிவந்து, சபையோர் விரும்பினால் முக்காலனிடம் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்துவிட்டார்.

எங்கள் ஊர்ச் சனத்துக்குக் கோயிலில் சாமி வந்து உருவாடிக் கட்டுச் சொல்பவரிடம் வாக்குக் கேட்டுப் பழக்கம். முக்காலமும் தெரிந்த ஒன்று முன்னால் நின்றால் சும்மா விடுவார்களா? முதல் வந்த கிழவர் வெற்றிலை பாக்கைப் பெட்டிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தன் காணிப் பத்திரம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். எனக்கா தெரியாது? அவருடைய விண்ணப்பத்தை டைப் அடித்தவன் நான். மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை என்று முக்காலன் சொன்னது. கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து ஒரு புதுமாப்பிள்ளை பகிடியாகத் தன் வயதைக் கேட்டார். கலியாணக் குறிப்பில் முப்பத்தாறு, பிறப்புப் பத்திரத்தில் நாற்பத்தொன்று என்று முக்காலன் சொன்னது. கூட்டம் கொட்டகை அதிரச் சிரித்தது. (பெண் வீட்டார் மூன்றாம் வரிசையில் இருந்தது எனக்குப் பெட்டியின் ஓட்டைக்குள்ளால் தெரியவில்லை. அந்த மனுசன் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.)

அப்போதுதான் தர்சினியின் அப்பா எழுந்தார். மகள் மேடையில் ஹெல்மெட்டோடு நிற்கிற பெருமை அவருக்கு. சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்ர மகளுக்கு எப்ப கலியாணம் எண்டு சொல்லுமோ உந்தப் பெட்டி?"

'அடுத்த வருசம்' என்று சொல்லியிருக்கலாம். 'நல்ல இடமாய் வரும்' என்று சொல்லியிருக்கலாம். யானையைப் போல நானும் சிக்குப்பட்டுவிட்டதாகச் சும்மா இருந்திருக்கலாம். முக்காலன் குமிழெல்லாம் மின்னச் சொன்னது:

"இப்போதைக்கு இல்லை. அவா வியாழக்கிழமை கொழும்புக்குப் போறா. கப்பல் தளத்தில ரெண்டு வருசப் பயிற்சி. கடிதம் வந்திட்டுது."

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு தர்சினி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அவளுடைய அப்பா சத்தம் போடவில்லை. மேடைக்கு வந்து, "உண்மையோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் பெட்டியைவிட்டு வெளியே வர அரை மணித்தியாலம் ஆனது.

திங்கட்கிழமை மாங்குளம் மாமி வந்தா. எவ்வளவோ சொல்லிப் பார்த்தா. ஊருக்கு முன்னால், பெற்ற தகப்பனுக்குத் தெரியாததை மட்டைப் பெட்டி சொல்ல நின்று கேட்ட மனுசனிடம் ஒரு நியாயமும் எடுபடவில்லை. வியாழன் வந்து போனது. தர்சினி தையல் கடைக்கு வந்தாள், என் கடைக்கு வரவில்லை. என்னிடம் வந்த ரேடியோக்கள் எல்லாம் மூடி கழன்றபடியே கிடந்தன.

அடுத்த வருடம் அம்மா அவளை எனக்குக் கேட்டுப் போனா. உள்ளூர் மாப்பிள்ளை, சைக்கிளில் பத்து நிமிடம். அவளுடைய அப்பா உடனேயே சம்மதித்தார். அவளும் ஓம் என்றாள். இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். எங்கள் பகுதியில் தண்ணீர் மோட்டார் பழுதானால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள், பெயரும் அவளுக்குத்தான். எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வந்தே தீரும். சொல்வது அவள்தான். யானையின் பின்கால், வெற்றிலை பாக்கு, நாற்பத்தொரு வயது எல்லாம் நடித்துக் காட்டுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "பாவம் மனுசன், வாய் தவறிச் சொல்லிப்போட்டார்" என்று முடிப்பாள்.

போன மாதம் கடையில் மின்விசிறி நின்றுவிட்டது. அவள் கதிரையில் ஏறி நின்று கழற்றிக்கொண்டிருந்தாள், நான் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் அன்றைக்கு என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு எனக்கு வாய் தவறேல்லை. நீர் போகக் கூடாதெண்டுதான் சொன்னனான்."

அவள் கீழே பார்க்கவில்லை. இரண்டு ஸ்குரூவைப் பூட்டி முடித்தாள். பிறகு, "ஒரு நாள் பொறுத்திருந்தா மாமி வந்திருப்பா" என்றாள். இறங்கி, கை கழுவி, விசிறியைப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னுடைய தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். சாப்பிட்ட கையோடு பிள்ளைகள் முக்காலன் கதையைக் கேட்டார்கள். அவள் சொன்னாள். அதே யானை, அதே வெற்றிலை பாக்கு, எல்லாரும் அதே இடங்களில் சிரித்தார்கள். "கடிதம் வந்திட்டுது" என்று முக்காலன் சொன்ன இடத்தோடு கதையை நிறுத்திவிட்டு, எழுந்து தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள். ஒரு வசனம் குறைந்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை.