தங்கத்துக்கு நாடி பார்த்த சாமி

ஞாயிற்றுக்கிழமை காலை. ராணுவ முகாமின் அதிகாரிகள் மெஸ் வாசலில் செருப்புகள் தலைகீழாகக் குவிந்து கிடந்தன. வாரம் முழுக்கப் பூட்ஸைக் கண்ணாடியாகத் துடைத்து வரிசை பிசகாமல் வைக்கிற அதே கூட்டம்தான். 'சாமி வந்தாச்சு' என்ற ஒரு சொல்லில் ஒழுங்கெல்லாம் பறந்துவிட்டது.

நாடிச் சாமி. மனிதருக்கு நாடி பார்க்கிறவர் அல்ல. அது சில்லறை வேலை. இவர் தங்கத்துக்கு நாடி பார்ப்பார். யாராவது மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தால் இரண்டு விரலை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடுவார். உதடு துடிக்கும். பிறகு ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக ஒரே ஒரு சொல். 'ஏறும்', அல்லது 'இறங்கும்'. அந்த வாரம் தங்கத்தின் விலை அப்படியே நடந்துவிட்டால் அடுத்த ஞாயிறு காலில் விழ வேண்டியதுதான். (விலை முன்கூட்டியே தெரிந்த மகான் ஏன் ஓட்டை ஸ்கூட்டரில் வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாவமாம்.)

ஒரே ஒரு நிபந்தனை. காதில் விழுந்ததை அடுத்தவரிடம் சொன்னால் பலிக்காது. ரகசியம் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் போய் இதைச் சொன்னால்? அறைத் தோழனிடம்கூட ஒருவரும் மூச்சு விடவில்லை.

வாராவாரம் சிலரைச் சாமி முன்வரிசைக்கு அழைத்தார். அவர்களுக்குச் சாமி வாக்கு இதுவரை தப்பியதே இல்லை. மற்றவர்கள் பின்னால் கைகட்டி நின்றார்கள். "மனசுல மாசு இருக்கு, பொறுங்க" என்று ஒவ்வொருவரிடமும் ரகசியமாகச் சொல்லியிருந்தார்.

இன்று வைப்பு நாள். முன்வரிசைக்காரர்கள் காசோலையைத் தட்டில் வைத்தால் சாமி நாடி பார்த்துத் தங்கம் வாங்கி விற்று நாலே மாதத்தில் மூன்று மடங்காக்கித் தருவார்.

முன்வரிசையின் ஓரத்தில் புது லெப்டினன்ட். மீசையே இப்போதுதான் அணிவகுத்துக்கொண்டிருந்தது. தோளில் நட்சத்திரம் ஏறிய கையோடு வங்கி பல்லிளித்துக் கொடுத்த அதிகாரிக் கடன் மொத்தமும் அவன் சட்டைப்பையில் காசோலையாக இருந்தது. கடன் வாங்கியது அக்காவின் தையல் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க. அக்கா இருந்த வேலையையும் விட்டுவிட்டாள்.

காலையில்தான் போனில் பேசினாள். "தம்பி, ஓனர் நாளைக்குக் கடைச் சாவி தர்றாராம்டா. பணம் வரலேன்னா வேற ஆளுக்காம்."

"நாலு மாசம் பொறுக்கா. ஒரு கடை இல்ல, மூணு கடை போட்டுத் தர்றேன்."

"எனக்கு இருக்கறது ரெண்டு கைடா. மூணு கடையில எந்தக் காலால தைக்கிறது?"

இவன் போனை வைத்துவிட்டான். அருள் கிடைத்தவனுக்குக் கணக்குப் பேச்சு கசக்கும்.

சாமி மோதிரத்தைத் தொட்டார், கண்ணை மூடினார், முன்வரிசையின் காதுகளில் வரிசையாக ஓதினார். தட்டு கிளம்பியது. லெப்டினன்டின் காசோலைதான் முதலில் விழுந்தது.

"சாமி, ஒரு நிமிஷம்."

பின்வரிசையிலிருந்து வந்தவர் முகாம் மருத்துவமனையின் டாக்டர். ராணுவத்தில் கேப்டன். அவருக்கும் முதல் வாரமே தப்பி, மாசுப் பட்டம் கிடைத்திருந்தது. வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவரை உலுக்கியது மருத்துவமனைதான். தூக்கம் வரவில்லை என்று வந்த அதிகாரிகள் ஒவ்வொருவரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: 'எனக்கு மட்டும் தப்பிடுச்சு மேடம், வெளியே சொல்லிடாதீங்க.' ஊரில் பாதிக்கு ஒரே நோய் என்றால் டாக்டர் நோயாளியையா சந்தேகிப்பார்? தண்ணீரைச் சந்தேகிப்பார்.

"நாடி பாக்கறது என் பொழப்பு சாமி. எனக்கும் கொஞ்சம் கத்துக்கொடுங்களேன்."

"உனக்கு மாசு இருக்கும்மா."

"இருக்கட்டும், குளிச்சுக்கறேன். இப்ப இவங்க காதுல சொன்னதை வெளியே சொல்லச் சொல்லுங்க."

"ஐயையோ! சொன்னா பலிக்காது!"

"ஒரு வாரம் பலிக்காட்டி தங்கத்துக்குக் காய்ச்சலா வந்துடும்?"

முன்வரிசை முறைத்தது. லெப்டினன்ட் பல்லைக் கடித்தான். "மேடம், ரகசியம்."

அப்போதுதான் டாக்டர் கேப்டனாக மாறினார். முதுகு நிமிர்ந்தது.

"அட்டென்ஷன்!"

பயிற்சி மைதானத்தில் ஊறிய உடம்பு மூளையைக் கேட்டுக்கொண்டா எழும்? முன்வரிசை நாற்காலிகளை உதைத்துத் தள்ளிவிட்டு விறைத்து நின்றது.

"காதுல விழுந்த சொல். எல்லாரும் ஒண்ணா. உரக்க! இது உத்தரவு!"

"ஏறும், மேடம்!" என்று அதிர்ந்தது பாதி வரிசை.

"இறங்கும், மேடம்!" என்று அதே நொடியில் முழங்கியது மீதி.

லெப்டினன்ட் 'ஏறும்'. தோளுரசி நின்ற அறைத் தோழன் 'இறங்கும்'. இருவரும் திறந்த வாயோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரே மோதிரம், ஒரே நாடி," என்றார் டாக்டர். "எப்படி வெச்சாலும் பாதிப் பேருக்குப் பலிக்கும். தப்பினவனுக்கு மாசு, பலிச்சவனுக்கு முன்வரிசை. மறுவாரம் முன்வரிசையை மறுபடி பாதியாப் பிரிச்சிடுவார். கடைசியில மிஞ்சறவனுக்கு ஒரு தடவைகூடத் தப்பியிருக்காது. இதுக்கு அருள் எதுக்கு? வாய் இருந்தா போதும்."

"அடப்பாவி! எனக்கு மட்டும்தான்னு நினைச்சேனே!" என்று பின்னாலிருந்து அலறினார் தொந்தி மேஜர்.

"சார், உங்களுக்குமா?"

"எனக்கும்!" "எனக்கும்!" மெஸ்ஸே எதிரொலித்தது.

சாமி தட்டைக் கக்கத்தில் இடுக்கினார். "தங்கத்துல ரெண்டு ஜாதி உண்டு பிள்ளைங்களா. ஒண்ணு ஏறும், ஒண்ணு..." என்றபடி கதவுப் பக்கம் நகர்ந்தார். வாசல் காவலர் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தார். டாக்டர் முன்பே சொல்லிவைத்திருந்த ராணுவப் போலீஸ் ஜீப் வெளியே தயாராக இருந்தது. ஓட்டை ஸ்கூட்டருக்கு அன்று ஓய்வு.

சாமி ஜீப்பில் ஏறுமுன் லெப்டினன்ட் அவர் கக்கத்துத் தட்டிலிருந்து தன் காசோலையை உருவிக்கொண்டான். "மேடம், வங்கி ஞாயித்துக்கிழமை திறக்காதே... நாளைக்குக் காலையில லீவு வாங்கித் தர்றீங்களா? அக்காவுக்கு அட்வான்ஸ் கட்டணும்."

"கட்டுப்பா. முதல்ல போனைப் போட்டு மன்னிப்புக் கேளு."

தொந்தி மேஜர் மட்டும் தயங்கித் தயங்கி நெருங்கினார். "டாக்டரம்மா, அதெல்லாம் சரி. இந்த வாரம் தங்கம் ஏறுமா, இறங்குமா?"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாயைத் திறக்க உங்க எல்லாருக்கும் உத்தரவு வேணும், ஒத்துக்கறேன் சார். மூளையைத் திறக்கவுமா?"