பக்கத்தில் நின்ற யானைக்குப் போன் போட்ட கதை

ஒரு காட்டில் டவர் நன்றாகக் கிடைத்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் காட்டுச் சிங்கம் ஒருமுறை பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போனது. திரும்பி வந்ததும், "அங்கே எல்லா மிருகங்களின் நம்பரும் ஒரே மென்பொருளில் இருக்கிறது. நாம் மட்டும் இன்னும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறோம்" என்று வருத்தப்பட்டது. அடுத்த வாரமே இந்தக் காட்டுக்கும் ஒரு மென்பொருள் வந்துவிட்டது. 'கூப்பிடு' என்று பெயர்.

கூடவே ஒரு சட்டமும் வந்தது. யாருக்கு உதவி வேண்டுமென்றாலும் 'கூப்பிடு' வழியாகத்தான் கூப்பிட வேண்டும். வாயால் கூப்பிட்டுச் செய்த உதவி கணக்கில் வராது. கணக்கில் வராத உதவிக்குக் கரும்பு கிடையாது.

இந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டது மாசிலாமணி என்ற யானைதான். அந்தக் காட்டில் இழுப்பது, தூக்குவது எல்லாம் அவர் வேலை. சட்டம் வந்த புதிதில், சேற்றில் மாட்டிய காட்டெருமை ஒன்று "ஐயோ" என்றதும் ஓடிப்போய் இழுத்துவிட்டார். "ஐயோ என்பது அழைப்பாகாது" என்று சிங்கம் கரும்பு கொடுக்கவில்லை. அன்றிலிருந்து மாசிலாமணி ரொம்ப ஒழுங்காகிவிட்டார்.

பூங்கோதை ஒரு சருகுமான். மான் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், முயலுக்கு அக்கா மாதிரி இருப்பாள். அவளுக்குப் பட்டு என்று ஒரு குட்டி. மழை விட்டிருந்த ஒரு காலையில் பட்டு தும்பியைத் துரத்திக்கொண்டு ஓடி, ஒரு பழைய குழிக்குள் பொத்தென்று விழுந்துவிட்டது. ஆழமான குழி. சுற்றிலும் வழுக்கல். போதாததற்கு மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் வேறு உள்ளே வடிந்துகொண்டிருந்தது.

பூங்கோதை ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, காலெல்லாம் நனையுதும்மா" என்றது குட்டி.

நல்லவேளை, குழிக்குப் பக்கத்திலேயே மாசிலாமணி மூங்கில் தின்றுகொண்டு நின்றார். புதுப் போனை ஈரம் படாமல் ஒரு கல்லின் மேல் வைத்திருந்தார்.

"யானையண்ணே! பட்டு விழுந்துட்டா! தும்பிக்கையை விட்டுக் கொஞ்சம் தூக்குங்கண்ணே!"

"பார்த்துக்கிட்டுதான் இருந்தேன் தங்கச்சி. விழுந்தப்பவே மனசு பதறிடுச்சு" என்றார் மாசிலாமணி. "ஒரு போன் போட்டுடு. உடனே தூக்கிடறேன்."

"பக்கத்துலதானே நிக்கிறீங்க!"

"நிக்கிறேன். ஆனா இன்னும் வரலையே. நீ கூப்பிட்டாத்தான் நான் வந்ததாக் கணக்கு."

பேசி நேரத்தை வீணாக்குகிறவள் இல்லை பூங்கோதை. போனை எடுத்தாள். 'கூப்பிடு'வைத் திறந்தாள். 'மாசிலாமணி, தூக்குதல்' என்பதை அழுத்தினாள். "எண் செல்லாது" என்றது மென்பொருள்.

எண்ணைத் திறந்து பார்த்தாள். முதலில் ஒரு கூட்டல் குறி. அப்புறம் தொண்ணூற்றொன்று. அப்புறம் ஒரு பூஜ்யம். அதற்குப் பிறகு பாதி நம்பர் அடைப்புக்குறிக்குள்ளும் மீதி வெளியிலுமாக, நடுவில் கோடு வேறு போட்டு, வேலி தாண்டப் பார்த்த ஆடு மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது.

"இந்தப் பூஜ்யத்தை யாருண்ணே போட்டது?"

"நான்தான். நம்ம நம்பர்னா முன்னாடி ஒரு பூஜ்யம் போட்டாத்தானே மரியாதையா இருக்கும்?"

பூங்கோதை பூஜ்யத்தை அழித்தாள். "உங்கள் பிழை தானாகத் திருத்தப்பட்டது" என்று சொல்லி மென்பொருள் அதை மறுபடி போட்டது. இன்னொரு தடவை அழித்தாள். இந்த முறை இரண்டு பூஜ்யம் வந்தது.

"அம்மா, முட்டி வரைக்கும் வந்துடுச்சு" என்றது பட்டு.

"அண்ணே, எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. அதுல வர்ற நம்பரை வச்சுக்கறேன்."

மாசிலாமணி தாராளமாகக் கொடுத்தார். வந்த நம்பருக்கு அவள் திருப்பிப் போட்டாள். கல்லின் மேலிருந்த போன் அடித்தது. மாசிலாமணி எடுத்தார்.

"அலோ, யாரு?"

"நான்தாண்ணே, பூங்கோதை."

"அட, தங்கச்சியா! நல்லா இருக்கியா? குட்டி எப்படி இருக்கு?"

"குழியில கிடக்குதுண்ணே!"

"அடக் கடவுளே. எந்தக் குழி?"

"உங்க முன்னங்காலுக்குப் பக்கத்துல இருக்கிற குழி!"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். "ஆமா, கிடக்குது. சரி, இது 'கூப்பிடு' வழியா வந்த காலா?"

"இல்ல, நேரா போட்டேன்."

"அப்ப இது சொந்த விஷயம். கணக்குல வராது" என்று வைத்துவிட்டார்.

பூங்கோதை அந்த நல்ல நம்பரைப் புதிதாக மென்பொருளில் ஏற்றிப் பார்த்தாள். "மாசிலாமணி ஏற்கெனவே இருக்கிறார். இரண்டு மாசிலாமணியையும் ஒன்றாக்குகிறோம்" என்றது அது. ஒன்றாக்கியதும் அடைப்புக்குறியும் பூஜ்யமும் பத்திரமாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டன.

வேறு வழியில்லாமல் உதவி மையத்துக்குப் போட்டாள். அந்த நம்பருக்கு மட்டும் முதல் தடவையே போனது. தணிகாசலம் என்ற நரி பேசியது.

"வணக்கம் மேடம். உங்க கஷ்டம் எங்க கஷ்டம். சொல்லுங்க மேடம்."

"யானை நம்பருக்குக் கால் போகலைங்க. குழந்தை குழியில கிடக்குது."

"புரியுது மேடம். ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க."

"குழந்தையையா?"

"போனை மேடம்."

அணைத்துவிட்டுப் போட்டாள். போன் உயிர் பெற்று, பூ காட்டி, பாட்டுப் பாடி முடிப்பதற்குள் பட்டுவின் வயிறு நனைந்துவிட்டது. நம்பர் அப்படியே இருந்தது.

"எதுக்குங்க அந்தத் தொண்ணூற்றொன்று?" என்றாள் பூங்கோதை எரிச்சலோடு. "நாங்க எல்லாரும் ஒரே காட்டுலதானே இருக்கோம்?"

"வெளிநாட்டுல இருந்து யாராவது யானையைக் கூப்பிட்டா மேடம்?"

"யாரு கூப்பிடுவா?"

"இதுவரைக்கும் யாரும் கூப்பிடலை மேடம். ஆனா கூப்பிட்டா, முதல் தடவையே போயிடும். சரி, இருங்க. மொத்தக் காட்டு நம்பரையும் ஒரே அடியா ஒழுங்கு பண்ணிடறேன். இப்பப் போடுங்க."

போட்டாள். மணி அடித்தது. பூங்கோதைக்கு உயிர் வந்தது. ஆனால் கல்லின் மேலிருந்த போன் சும்மா கிடந்தது. யாரோ நிதானமாக எடுத்து, "அ... லோ..." என்றார்கள். ஆமை.

"ஐயா, தப்பா வந்துடுச்சு. யானைக்குப் போட்டேன். குட்டி குழியில விழுந்துடுச்சு."

"குழியிலயா? பதறாதம்மா. இந்தா கிளம்பிட்டேன். வீட்டைப் பூட்டிட்டு... இல்ல, எடுத்துக்கிட்டே வந்துடறேன்."

வேண்டாம் என்று சொல்லி வைப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. நரி மறுபடி லைனில் வந்தது.

"கடைசி எண்ணை வெட்டிடுச்சு மேடம். இடம் பத்தலைன்னு. ஒட்டிட்டேன். இப்ப அடிங்க."

"அம்மா!" என்றது பட்டு. தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது.

பூங்கோதை அழுத்தினாள். மாசிலாமணியின் போன் அடித்தது! 'கூப்பிடு' வழியாக, சட்டப்படி, கரும்போடு சேர்ந்த மணி. மாசிலாமணி ஆவலோடு குனிந்து திரையைப் பார்த்தார். முகம் மாறியது. வெடுக்கென்று துண்டித்தார்.

"ஏண்ணே!"

"கூட்டல் குறி போட்டு வருது தங்கச்சி. வெளிநாட்டு நம்பர். எடுத்தா நம்ம காசெல்லாம் உருவிடுவானாம். நேத்துத்தான் குரங்கு சொல்லுச்சு."

"அது நான்தாண்ணே! உங்க எதிர்லயே நின்னு நான்தான் போட்டேன்!"

"எல்லா மோசடிக்காரனும் அப்படித்தாம்மா சொல்லுவானாம்."

பூங்கோதை யானையைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து விட்டாள் ஓர் உதை. மாசிலாமணியின் போன் கல்லிலிருந்து பறந்து, குழிக்குள் போய் விழுந்தது.

"பட்டு! கவ்விக்கோ! அம்மா சொல்ற வரைக்கும் விடாதே!"

"ஐயோ, என் போன்!" என்று பிளிறினார் மாசிலாமணி. முன்னங்கால் இரண்டையும் மடித்தார். தும்பிக்கையை ஆனமட்டும் உள்ளே விட்டார். துழாவினார். பிடித்தார். இழுத்தார்.

போன் வந்தது. போனைப் பல்லால் கவ்விக்கொண்டு பட்டுவும் வந்தது.

பூங்கோதை குட்டியை நக்கி நக்கித் துவட்டினாள். அது தும்மியது, அம்மாவின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. அப்புறம்தான் அவள் நிமிர்ந்து கேட்டாள்.

"ஏண்ணே, இதுக்கு யாரும் கால் பண்ணலையே?"

மாசிலாமணி போனைக் காதில் தேய்த்துத் துடைத்துக்கொண்டே, "இது அவசரம்மா" என்றார்.

விஷயம் காடு முழுக்கப் பரவியது. அடுத்த மழைக்குக் காட்டெருமை மறுபடி சேற்றில் மாட்டியபோது, முதல் வேலையாக மாசிலாமணியின் போனைத்தான் தன் பக்கத்துச் சேற்றில் தள்ளிவிட்டது. அதன் பிறகு காட்டில் ஒருவரும் 'கூப்பிடு'வைத் தொடவேயில்லை. தொடாததால் ஒரு புகாரும் வரவில்லை. புகாரே வராத மென்பொருள் என்று சிங்கம் மனம் குளிர்ந்து, நரிக்கு ஒரு கட்டுக் கரும்பு கொடுத்தது.

நரி கரும்பு தின்னாது. ஆனாலும் வாங்கிக்கொண்டது.

நீதி: குழியில் விழுவதென்றால் தனியாக விழாதீர்கள். மேலே நிற்பவரின் போனையும் சேர்த்துக்கொண்டு விழுங்கள். புதுப் போனாக இருந்தால் உத்தமம்.