ஹோர்ன் காக்கா வாங்கிய நாலு பல்ப்

கல்முனையில் பிறந்தவர்களுக்குள் ஹோர்ன் காக்காவைவிடச் சத்தமான மனிதர் ஒருவர் இருந்திருந்தால், அவர் வாயே திறக்காமல் மௌத்தாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நமக்குக் கேட்டிருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. எங்களுக்கு அவர் அண்ணன் முறையில் காக்கா, குரலால் ஹோர்ன். தெருவில் அதைப் பார்த்தவர் எவருமில்லை. முப்பது வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். அவருக்கு மைக் ஒன்று கொடுத்திருந்தார்கள். அது எப்போது பழுதானது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நல்லாயிருந்த காலத்திலும் அவர் அதைக் கையில் எடுத்ததில்லை. "நாவிதன்வெளி, நாவிதன்வெளி, ஏறுறவங்க ஏறுங்க" என்று கூப்பிட்டாரென்றால் மீன் சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்தி, அவர் முடித்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். அம்பாறைக்குப் போக வந்த ஒருவர் அந்தக் குரலுக்குப் பயந்து நாவிதன்வெளி பஸ்ஸில் ஏறி, நாவிதன்வெளிக்கே போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.

எங்கள் தெருவில் அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது. என் தம்பிக்கு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தோம், இன்னும் கேட்கவில்லை. அதை எப்படியோ அறிந்த காக்கா என் காதுக்குள், "விசயத்த ஒருத்தருக்கும் சொல்லாத தம்பி" என்று இரகசியமாகச் சொன்னார். மஃரிப் தொழுகைக்கு முன் பெண்ணுடைய வாப்பா எங்கள் வாசலுக்கு வந்து, "எங்களுக்குச் சம்மதம்" என்றார்.

பள்ளிவாசலில் மட்டும் அவர் வாயசைவது தெரியும், சத்தம் வராது. ஒருநாள் காரணம் கேட்டேன்.

"அங்க கேக்கிறவன் கிட்டத்தில இரிக்கான் தம்பி. கத்தி என்னத்துக்கு?"

இப்போது அந்தத் தெருவில் நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய மனைவி சுபைதா ராத்தாவுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பத்து வருடமிருக்கும். ஊரே கேட்ட குரலுக்கு அந்த ஒரு வீட்டில்தான் "என்ன?" என்ற பதில் வரும். மகன் கொழும்பிலிருந்து காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்கி அனுப்பினான். ராத்தா அதை மாட்டிய முதல் நாளே காக்கா பக்கத்தில் நின்று, "இப்ப கேக்குதா புள்ள?" என்றார். ராத்தா கருவியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பிறகு இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

காது கேளாதவர்கள் சிலர் கத்திக் கதைப்பார்கள். ராத்தா நேர்மாறு. பக்கத்தில் நின்றாலும் குனிந்துதான் அவர் சொல்வதைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும். அந்த வீட்டில் இரண்டே பேர். ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்காது, அடுத்தவர் சொல்வது ஒருவருக்கும் கேட்காது.

ஒரு நாள் லுஹர் தொழுகைக்கு முன், காக்கா கிணற்றடியில் சறுக்கி விழுந்தார். கால் முறிந்துவிட்டது. மீன் சந்தையை நிறுத்திய அந்தக் குரலால் "சுபைதா" என்று கூப்பிட்டார். தெருவே ஓடியது. நானும் ஓடினேன். இருபது பேர் அவரைத் தூக்கும்போது பார்த்தால், பத்தடி தள்ளிக் குசினிக்குள் ராத்தா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமைதியாகக் கீரிமீன் ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

காக்கா வலியில் அழவில்லை. அதைப் பார்த்துத்தான் அழுதார். எங்களில் யாரோ போய்த் தோளைத் தொட்ட பிறகே ராத்தா திரும்பினார். அவர் முகம் போன போக்கை நான் எழுத விரும்பவில்லை. "நான் இஞ்சதானே இருந்தன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு காக்கா மெயின் ரோட்டுக்கு வந்தார். என் மச்சானுடைய லைட் கடையில் அப்போது நான்தான் கவுண்டரில் நிற்பேன்.

"தம்பி, கலர் மாறுற பல்ப் எண்டு ஒண்டு இரிக்காமே?"

"இரிக்கு காக்கா. சாதாரண ஹோல்டர்லயே மாட்டலாம். போன்ல தட்டினா கலர் மாறும். என்ன, ஊட்டில கலியாணமா?"

"இல்ல. எண்ட பொண்டாட்டியக் கூப்பிட."

கடையிலிருந்த எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்துப் புடைவைக் கடையிலும் திரும்பியிருப்பார்கள்.

கலர் பல்ப் வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், போவார்கள். காக்கா ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தலை குனிந்து, இல்லாத மீனை இல்லாத கத்தியால் ஆயத் தொடங்கினார்.

"இப்ப மாத்து தம்பி."

முதல் பல்ப் ஒன்பது வொட்ஸ். நல்ல நீலம். மாற்றிவிட்டு நின்றேன். காக்கா மீன் ஆய்ந்துகொண்டே இருந்தார்.

"மாத்திட்டியா?"

"மாத்திக் கனநேரம் காக்கா."

"அப்ப இது வேணாம். இது அழகுக்கு. பட்டப்பகல்ல, குனிஞ்ச தலைக்குத் தெரியோணும்."

இரண்டாவது, பெட்டியில் பெரிதாகப் பீற்றிக்கொண்ட பல்ப். வெள்ளையில் கண் கூசும், சிவப்புக்கு மாற்றினால் மங்கிப்போகும். அனேகமான பல்ப்கள் அப்படித்தான், வாங்குகிறவர்களுக்கு அது வீட்டுக்குப் போன பிறகே தெரியும். காக்கா கடையிலேயே பிடித்துவிட்டார். மூன்று நாள் வந்தார். புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் அவரைக் கண்டு, "இவருக்கு என்ன?" என்று சைகையால் கேட்டார்கள். மூன்றாம் நாள் பதினைந்து வொட்ஸ் பல்ப் ஒன்றை மாட்டி, விட்டுவிட்டு எரியும்படி வைத்துச் சிவப்பைத் தட்டினேன். சுவரெல்லாம் சிவந்தது. காக்கா திடுக்கிட்டு ஸ்டூலிலிருந்து எழுந்து, "ஆரது?" என்றார்.

"இதுதான்" என்று அவரே முடிவும் சொன்னார்.

மறுநாள் ராத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராத்தாவுக்கு விருப்பமே இல்லை. "வயசுபோன காலத்தில ஊட்டக் கலியாண ஊடு மாதிரி ஆக்கப் போறாரு" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: எந்தக் கலர் எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள். ராத்தா வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பல்பைப் பார்த்தார். வாசலில் ஆள் வந்தால் மஞ்சள். பாங்கு சொன்னால் நீலம். ஓடிவர வேண்டியது என்றால் சிவப்பு. பிறகு கத்தரிப்பூக் கலர் வந்தபோது, "இது நல்லா இரிக்கு" என்றார்.

"இது என்னத்துக்கு?" என்று சைகையில் கேட்டேன்.

"சும்மா கூப்பிடுறதுக்கு."

குசினிக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, விறாந்தைக்கும் கிணற்றடிக்கும் ஒவ்வொன்று. நானே போய் மாட்டினேன்.

முதல் வாரத்திலேயே கிராம சேவகர் ஏதோ படிவத்தோடு வாசலில் நிற்க, காக்காவின் தடித்த விரல் மஞ்சளுக்குப் பதில் சிவப்பில் விழுந்தது. ராத்தா மீன் கத்தியோடு ஓடிவந்தார். கிராம சேவகர் படிவத்தை எங்கள் வீட்டில் தந்துவிட்டுப் போனார். கரண்ட் போகிற நாட்களில் காக்கா டோர்ச் லைட்டோடு அறை அறையாகத் திரிவார். தெருவில் பெண்கள், "காக்காட ஊட்டில இண்டைக்கு எத்தின தரம் கத்தரிப்பூ எரிஞ்சிச்சு" என்று எண்ணி எண்ணிச் சிரித்தார்கள். உண்மைதான். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தரம் அந்தக் கலர் எரிந்தது. ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வருவார்.

"என்ன?"

காக்கா கையை விரிப்பார். ஒன்றுமில்லை. ராத்தா ஏசிக்கொண்டே பக்கத்தில் உட்காருவார்.

எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது: காக்காவின் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. கூப்பிட வேண்டிய ஆளைக் கூப்பிட அவருக்கு இப்போது குரல் தேவைப்படவில்லை. மற்ற ஆட்களோடும் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார். பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது பழைய கொண்டக்டர் ஒருவர், "காக்காவுக்கு என்ன வருத்தம்?" என்று என்னிடம் விசாரித்தார்.

இப்படி ஒன்றரை வருடம். பிறகு ஒரு காலையில் ராத்தாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் பார்வையாளர் நேரத்தில் நான் போனேன். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். காக்கா நேர்ஸிடம் போய், அவர் வாயிலிருந்து நான் ஒருபோதும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், "மகள், அந்த ஹோல்டர்ல ஒரு பல்ப் மாட்டலாமா?" என்று கேட்டார்.

"ஏலாது வாப்பா. மத்த ஆக்களும் படுத்திருக்காங்க" என்றார் அந்தப் பெண். அவரும் தன்மையாகத்தான் சொன்னார்.

காக்கா திரும்பி வந்து போனை எடுத்தார். அதன் திரை முழுக்கக் கத்தரிப்பூக் கலர் ஒன்றை எப்படியோ வரவழைத்து, ராத்தாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் அவர் கையைத் தாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ராத்தா கண்ணைத் திறந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. என்ன என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

"ஒண்டுமில்ல புள்ள" என்றார் காக்கா. "படுங்க."

மறுநாள் அஸருக்குப் பிறகு ஜனாஸா அடக்கினோம்.

நாற்பது நாள் முடிந்த பிறகு காக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "அந்த நாலையும் கழட்டு தம்பி. சும்மா வெள்ளை பல்ப் போடு. கழட்டினத நீ வித்துடாத. காது கேளாத ஆக்கள் இரிக்கிற ஊடு பாத்துக் குடு."

முதலில் மாவடிப்பள்ளியில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தேன். பிறவியிலேயே காது கேளாதவர், கைக்குழந்தை இருந்தது. தையல் மெஷினுக்கு மேல் ஒன்று மாட்டினேன். குழந்தை அழுதால் மாமியார் போனில் தட்டுவார். திரும்பி வந்து காக்காவிடம் சொன்னேன்.

"பகல்ல தெரியுதாமா?" என்றார்.

"தெரியுது காக்கா. திரும்பிப் பாத்தாங்க."

தலையை ஆட்டினார். குசினிக்குள் போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் டீ ஊற்றி நான் கண்டதில்லை. அரைக் கோப்பை சீனி, மீதி தண்ணீர்.

"எப்படி இரிக்கு?"

"நல்லா இரிக்கு காக்கா."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டு அவர் வீட்டு விறாந்தையில் போய் உட்காருகிறேன். இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை. அவர் டீ ஊற்றித் தருகிறார், நான் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறேன். எனக்குச் சீனி வியாதி என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.