மாமனார் விட்டுப்போன எஞ்சின்

"அதைத் தொடாதீங்க!" என்று யாரோ ஓர் அம்மாள் வாசலிலிருந்து கத்தியபோது, பழைய இரும்புக்காரர் எஞ்சினுக்குச் சங்கிலி மாட்டி முடித்திருந்தார்.

எர்மினியோ சுவரில் சாய்ந்தார். காலையிலிருந்து அந்த எஞ்சினில் இடித்து இடித்து அவர் முழங்கால் வீங்கியிருந்தது.

"நீங்க யாரும்மா?"

"பெலோட்டி. பிரெஷாவுல பழம்பொருள் பாதுகாப்பு ஆபீஸ். இந்த வீட்ல ஒரு பந்தய விமான எஞ்சின் இருக்கு, இன்னிக்கு உடைக்கப் போறாங்கன்னு போன் வந்துச்சு."

"யாரு பண்ணது?"

"அதைச் சொல்றதில்லை."

இரும்புக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அரசாங்க ஆட்களைப் பார்த்தால் அவருக்கு ஆகாது.

இத்தாலியின் கார்டா ஏரியில் பந்தய விமானங்கள் பறந்த காலத்தில் எர்மினியோவின் மாமனார் அங்கே மெக்கானிக். பந்தயம் நின்றபோது தார்ப்பாய் போர்த்திய ஒரு பொதியோடு வீடு திரும்பினார். எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொதி கீழறையில் உட்கார்ந்தது. மாமனார் போய்ச் சேர்ந்தார், அது போகவில்லை.

இத்தனை நாள் எர்மினியோ அதைப் பொறுத்துக்கொண்டார். இப்போது அந்த அறை வேண்டும். மகள் நிவேஸ் கைக்குழந்தையோடு கிரெமோனாவில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஏரிப் படகில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்ற மனிதருக்கு வேறு என்ன ஆசை? மகள் இங்கே வர வேண்டும், பேரன் சத்தம் வீட்டில் கேட்க வேண்டும். அவள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை.

முந்தின ஞாயிறு அவள் வந்திருந்தாள். குழந்தைக்குக் காற்று பட்டுவிடும் என்று எர்மினியோ எல்லா ஜன்னல்களையும் சாத்தினார். ஜூன் மாத வெயிலில் அதற்கு இன்னொரு ஸ்வெட்டர் மாட்டினார். எப்படித் தூக்குவது, எப்படிப் படுக்க வைப்பது, எப்போது ஏப்பம் விடச் செய்வது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

"நாளைக்கு இரும்புக்காரர் வர்றார். எஞ்சின் போனதும் கீழறை உனக்குத்தான்."

"சரிப்பா" என்று நிவேஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய் அறையைச் சுவருக்குச் சுவர் அளந்தாள்.

"கட்டிலுக்காம்மா?"

"அளந்து வெச்சுக்கறேன்பா."

எர்மினியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி டோஸ்கா மட்டும், "அங்க போய் ஒரு சுத்து பெருத்திருக்கா, கவனிச்சீங்களா?" என்றாள்.

"அது கவலையில பெருத்தது."

மறுநாள்தான் பெலோட்டி வந்து நின்றாள்.

"அம்மா, இது தபால் விமானத்து எஞ்சின். ஊருக்கு ஊர் கிடக்கும்" என்று எர்மினியோ மன்றாடினார்.

"அப்படியா? இஞ்சினியரைக் கூப்பிட்டுப் பார்த்துடலாம்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இஞ்சினியர் கவாஸ்ஸா டூரினிலிருந்து வந்து, பெண் பார்க்க வந்தவர் குலம் கோத்திரம் விசாரிப்பது போல அதன் வம்சத்தைத் துருவினார்.

"பன்னெண்டு சிலிண்டர். ஒவ்வொண்ணுக்கும் நாலு வால்வு, ரெண்டு பிளக். கூடு மெக்னீசியம், எடை குறையணும்னு. தபால் சுமக்கிற ஜாதியா இது? பந்தயத்துக்குன்னே பொறந்தது. இதுக்கு அப்பன் ஒருத்தன் உண்டு, இதைவிடக் குண்டு. ஆனா பின்பக்கம் ஏன் தகடு போட்டு மூடியிருக்குன்னுதான் புரியல."

பெலோட்டி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "உங்க மாமனார் கொண்டுவந்து வெச்ச அதே அறை. எஞ்சின் இங்கேயே இருக்கணும். அடுத்த வாரம் உத்தரவு வரும்."

அந்த ஒரு வாரத்தில் எஞ்சினின் குலத்தைத் தாழ்த்திவிடுவது என்று எர்மினியோ முடிவுகட்டினார். படகுத்துறையிலிருந்து துருப்பிடித்த தண்ணீர்ப் பம்ப் ஒன்றை வாங்கி வந்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அங்கே பூட்டினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

உத்தரவோடு பெலோட்டி வந்தாள், கூடவே கவாஸ்ஸா வந்தார். பம்பைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கழற்றினார். சிரிப்பு நின்றது.

"ஐயோ, இணைப்புப் பல்! இது முழு எஞ்சின் இல்ல, பாதி!"

"பாதியா?" எர்மினியோ நாற்காலியைத் தேடினார்.

"இதே மாதிரி இன்னொண்ணு இதோட முதுகோட முதுகு ஒட்டி நிக்கணும். மொத்தம் இருபத்துநாலு சிலிண்டர். ஒரு தண்டுக்குள்ள இன்னொரு தண்டு, ரெண்டு காத்தாடி. ஒண்ணு வலப்பக்கம் சுத்தினா இன்னொண்ணு இடப்பக்கம்."

"எங்க ரெண்டு பேர் மாதிரி" என்றாள் டோஸ்கா.

"அந்த மறுபாதி வாரேஸேல ஒரு கொட்டகையில கிடக்கு! நானே பார்த்திருக்கேன்!"

எர்மினியோவுக்குப் போன உயிர் திரும்பியது. "பாவம், பிரிச்சு வெக்கலாமா? இதை அங்க கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க."

"இதுக்குத்தான் உத்தரவு ஆயிடுச்சே, நகர்த்த முடியாது" என்றாள் பெலோட்டி. "அதுக்கு ஒரு தடையும் இல்ல. அது இங்க வரும்."

"இந்த அறையில எப்படிம்மா புடிக்கும்?"

"புடிக்கும். எங்ககிட்ட அளவு இருக்கு."

மறுபாதியோடு லாரி வந்தது. ஜன்னலைப் பெயர்த்தார்கள், சுவரைச் சுரண்டினார்கள், மறுபாதியை உருட்டி உள்ளே தள்ளி முதுகோடு முதுகு சேர்த்தார்கள். கவாஸ்ஸா அழுதேவிட்டார். எர்மினியோவும் அழுதார், அவர் காரணம் வேறு. நிவேஸுக்குப் போன் பண்ணி என்ன சொல்வது? அறை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த அப்பன், இனி அவளை மாமியாரிடமே இருக்கச் சொல்வதா?

லாரி டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நிறைந்து நின்ற எஞ்சினை மெச்சுதலாகப் பார்த்தார்.

"பெரியவரே, அளவுன்னா இது அளவு! ஆபீஸுக்குப் போன் பண்ண கிரெமோனாப் பொண்ணு டேப் வெச்சு அளந்து சொல்லுச்சாம்ல, 'உள்ள வெக்கிறது எதுவா இருந்தாலும் சரி, ஒரு கட்டில் போட எடம் மிஞ்சக் கூடாது'ன்னு?"