டாக்டர் கோட்டில் எத்தனை பாக்கெட்

வெள்ளைக் கோட்டின் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டது. தையற்காரர் புள்ளியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். ஊசி குத்தினால் ஒரு துளி வரும், நிற்கும். இது நிற்கிற வழியாக இல்லை.

கோட்டு டாக்டருடையது. பக்கவாதம் வந்து வலது கை துவண்டு கிடந்த இவரை எழுப்பி உட்காரவைத்த அதே டாக்டர். "என் கோட்டை நீங்களே தைங்க. கை திரும்பிடுச்சான்னு அதுல தெரிஞ்சுடும்" என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் வந்துவிடுவார். இதில் கோட்டைவிட்டால் மெஷினை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று மனைவி முன்கூட்டியே தீர்ப்பு சொல்லியாயிற்று.

எல்லாம் அந்த மாத்திரையால் வந்த வினை. மூளையில் அடைப்பு விழுந்தால் அந்த இடம் அழற்சி கண்டு வீங்குமாம். ரத்தத்திலிருக்கும் தட்டணுக்கள், விபத்தை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மாதிரி, அங்கே போய் ஒட்டிக்கொண்டு மிச்ச வழியையும் அடைக்குமாம். தினம் ஒரு மாத்திரை கூட்டத்தைக் கலைக்கும், அழற்சியையும் கொஞ்சம் தணிக்கும், ஆனால் காயம் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும் என்று டாக்டர் சொல்லித்தான் கொடுத்தார்.

நம்மவர் ஆயுசில் எந்த மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கியவர் இல்லை. காய்ச்சல் மாத்திரையை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, "கசப்பு" என்று முகம் சுளித்துக் காட்டுகிற ஆசாமி. இந்தத் தடவை நிஜமாகவே பயந்துவிட்டார். ஆனால் பயந்தது வெளியே தெரிந்தால் கௌரவம் என்னாவது? கடை திறந்ததும், யாரும் வருவதற்குள் ஒன்றை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் மெஷினில் உட்கார்ந்துவிடுவார்.

இப்போது புள்ளியை ஈரத்துணியால் தேய்த்தார். புள்ளி பூவாக விரிந்தது. சரி, மேலே ஒரு பாக்கெட் வைத்து மறைத்துவிடலாம். அவசரத்தில் அடுத்த விரலில் குத்திக்கொண்டார். விரலுக்குக் கட்டுப் போட்டார். கட்டுப் போட்ட விரலுக்கு ஊசி இருக்கிற இடம் தெரியாமல் மூன்றாவது விரலும் போயிற்று. வலது நெஞ்சிலும் துளி, அங்கேயும் ஒரு பாக்கெட். வயிற்றில் ஒன்று. எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார், கத்தரிக்கோல் பட்டது. கோட்டின் கையிலும் ஒன்று.

மனைவியின் தம்பி பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "மாமா, இது டாக்டருக்கா, தபால்காரருக்கா?" என்று கேட்டான். வேலையைப் பார்க்கச் சொல்லி அவன் வாயை அடைத்தார்.

டாக்டர் வந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையை விட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது, கை திரும்பிவிட்டது என்றார். தையற்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அது வந்து உட்காருவதற்குள் டாக்டரின் கண் விரல்கட்டுகளில் விழுந்தது. சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். அங்கங்கே நீலம் பாரித்திருந்தது.

"தினம் எத்தனை மாத்திரை போடறீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான். எம் பொண்டாட்டி மேல சத்தியம்."

டாக்டர் யோசித்தார். ஒன்றுக்கே இந்தப் பாடு என்றால் இது உடம்புக்குச் சேரவில்லை, நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்போம் என்றார்.

தையற்காரர் ஆடிப்போனார். நிறுத்தினால் அந்தப் பாழாய்ப்போன கூட்டம் மறுபடி கூடுமே. கை மறுபடி விழுந்தால் எழுந்திருக்குமா? கோட்டு போனாலும் பரவாயில்லை, மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கெஞ்சினார். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, சீட்டை மாற்றி எழுதப் பேனாவைத் தேடி ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவினார்.

மச்சினன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"நிறுத்திடாதீங்க டாக்டர். அக்கா காலையில பால்ல பொடிச்சுப் போடறதே போதும், நான் டீயில கலக்கறதை வேணா விட்டுடறேன்."