பதினேழாம் நம்பர் கல்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. இருபத்தாறில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

அப்போதுதான் தென்காசியிலிருந்து வந்து, அம்பத்தூரில் ஒரு மாடியில் இருந்த குட்டி அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். மொத்தமே நான்கு பேர். ஓர் எரிவாயுக் குழாய்த் திட்டத்தைக் கண்காணிப்பது எங்கள் வேலை. பாதி புதைத்த குழாய் பல வருடங்களாகத் தூங்கிக்கொண்டிருந்தது. (நாங்களும்தான்.) ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. திட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தால் குழாய் வழியில் கட்டடம் வராமல் எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள் என்று அறிக்கை கேட்டிருந்தார்கள்.

"பழைய வரைபடத்தை வெச்சு எழுதிடும்மா," என்றார் அதிகாரி. நான் விடுவேனா? குழாய் போகும் வழியெல்லாம் நம்பர் போட்ட சிமெண்ட் கல் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். பல கற்கள் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை. வரைபடம்தான் தப்பு என்று முடிவு கட்டினேன். கல் எங்கேயாவது நகருமா? என் புதுக் கோடு பருத்திப்பட்டு ஏரிக்கரையை விட்டுத் திரும்பி ஒரு வீட்டுக்குள் புகுந்து, குமணன்சாவடியில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் முடிந்தது. அந்த வீட்டில் ஆளில்லை. கொல்லையில் கிடந்த பதினேழாம் கல்லை வேலிக்கு வெளியே நின்றே குறித்துக்கொண்டேன். இங்கே கட்டடம் கட்டக் கூடாது என்று கடிதமும் அனுப்பினேன்.

அறிக்கை மீதான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அந்தக் கடிதத்தோடு வந்தார் அந்த வீட்டின் சொந்தக்காரர் சரோஜாக்கா.

"மேல ஒரு ரூம்பு கட்டலாம்னு செங்கல்லு எறக்கி வெச்சுகீறேன் மேடம். மவன், மருமவ, கைக்கொழந்த, நாங்க ரெண்டு பேரு, எல்லாம் ஒரே ரூம்புல படுத்துகினு கீறோம். கட்டக் கூடாதுன்னா நாங்க எங்க போவோம்?" கடிதத்தை என் முன்னால் நீட்டினார்.

"உங்க பாதுகாப்புக்குத்தாம்மா," என்றேன் கம்பீரமாக. "உங்க கொல்லையில பதினேழாம் நம்பர் கல்லே இருக்கே!"

"இன்னாது, துணி தோய்க்கிற கல்லா? அத்த நான்தான் ஏரிக்கரைலேர்ந்து பொரட்டிகினு வந்தேன்! சும்மாதான கெடந்துச்சு!"

அதிகாரி என் அறிக்கையைப் புரட்டி, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "கல் பதினேழு. சாய்ந்துள்ளது. சுற்றிலும் ஈரம். வெண்ணுரை தென்படுகிறது. வாயுக் கசிவா என ஆராய வேண்டும்."

கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சரோஜாக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ ரூம்பு கட்டலாமா மேடம்?" என்று கேட்டார். மற்றவர்களின் சிரிப்பைவிட அந்தக் கேள்விதான் என்னைக் கூனிக்குறுக வைத்தது. வாயுவே ஓடாத குழாய்க்கு நான் காகிதத்தில் இழுத்த ஒரு கோடு, ஐந்து பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பழைய வரைபடத்தில் குழாய் ஏரிக்கரையோடு ஒழுங்காகத்தான் போயிருந்தது. தடையில்லை என்ற கடிதத்தை மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அறிக்கையையும் திருத்தினேன். அதில் முதல் விதி: கல்லைக் கண்டால், முதலில் அந்த வீட்டாரிடம் கேட்க வேண்டும்.

குழாய் இன்னும் எழுந்திருக்கவில்லை. மேல் ரூம் எழுந்துவிட்டது. பல வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது சரோஜாக்கா என் கணவரிடமும் மகளிடமும் கதை முழுவதையும் நடித்தே காட்டிவிட்டார். அதோடு என் மானம் போனது. ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃபிளாட்டில் எங்கே ஈரம் தெரிந்தாலும் மகள் கத்துவாள்: "அப்பா, பிளம்பரைக் கூப்பிடாதீங்க! யார் துணி தோய்ச்சாங்கன்னு அம்மா முதல்ல கேக்கட்டும்!"

நானும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கிறேன்.