வெடிப்பர் தட்டிய கோட்டைகள்

மேற்கு மெல்பேர்னில் வாழும் தமிழர்கள் வரி அலுவலகத்துக்குப் பயந்ததைவிட ஒரு மனிதரின் விரல்முட்டிக்கே அதிகம் பயந்தார்கள். அந்த மனிதருக்குப் பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் ஒன்று இருந்தது. டார்னெய்ட்டிலிருந்து வெரிபீ வரை அதை ஒருவரும் பயன்படுத்தியதில்லை. எல்லாருக்கும் அவர் வெடிப்பர்.

வீடு வாங்க இருப்பவர்களுக்காக அந்த வீட்டைச் சோதித்து, சுவர் வெடிப்பு முதலிய குறைகளைச் சொல்வது அவருடைய தொழில். வார நாட்களில் கூலிக்குச் சொன்னதைச் சனி ஞாயிறுகளில் எவரும் கேளாமலே இலவசமாகச் சொன்னார். எங்கள் பகுதிக் களிமண் கோடையில் சுருங்கும், மாரியில் உப்பும். அதன்மேல் அவசரமாக எழும்பிய புதுவீடுகளும் மண்ணோடு சேர்ந்து மூச்சுவிடும். ஆகவே அவருக்குச் சொல்ல எப்போதும் ஏதாவது இருந்தது. விருந்துக்கு வந்தால் முதலில் சுவரைத் தட்டுவார். சுவர் பதில் சொன்ன பிறகுதான் மனிதர்கள் பக்கம் திரும்புவார்.

அவருடைய இரண்டாவது ஆயுதம் தேசிக்காய். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எலுமிச்சை என்பார்களே, அதுதான். தரையில் அதை உருட்டிவிட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். எங்கள் தெருவில் ஒரு புதுவீட்டுக் குடிபூரல். பால் பொங்கி, குருக்கள் தீபம் காட்டி, வீட்டுக்காரி கண்ணீர் மல்க நின்ற நல்ல நேரத்தில், வாசற்படியில் வைத்திருந்த தேசிக்காயை எடுத்து வரவேற்பறையில் உருட்டினார் வெடிப்பர். அது பால் பொங்கிய குசினியைக் கடந்து குருக்களின் காலடியில் போய் நின்றது.

"வீடு வடக்குப் பக்கமா இறங்கியிருக்கு" என்றார், வைத்தியர் நோயைச் சொல்வதுபோல.

"அண்ணை! அது சாமிக்கு வைச்ச தேசிக்காய்!"

"அதுக்கென்ன, தங்கச்சி? சாமியும் இஞ்சதானே இருக்கப்போறார். அவருக்கும் தெரியத்தானே வேணும்."

அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் பக்தி பெருகியது. சுவர் எங்கே வெடித்ததோ அங்கே ஒரு சுவாமி படம் ஏறியது. எங்கள் வரவேற்பறை மூலையிலும் ஒரு பிள்ளையார் அவ்விதம்தான் குடியேறினார். வெடிப்பர் வந்தார், பார்த்தார், படத்தின் கீழ் விளிம்பை ஒற்றை விரலால் தூக்கினார். "பிள்ளையார் காரணமில்லாமல் இந்த மூலைக்கு வந்திருக்கமாட்டார் எண்டு நினைச்சனான்" என்றார். என் கணவர் அன்றைய தேநீரைச் சீனி இல்லாமல் கொடுத்துப் பழிவாங்கினார்.

ஊரார் இதையெல்லாம் சிரித்துப் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்காதவள் அவருடைய ஒரே மகள் துளசி. மெல்பேர்னில் வளர்ந்தவள் சுவிஸ் நாட்டுத் தமிழ்ப் பையனைக் கல்யாணம் செய்து, ஒரு மலைப் பள்ளத்தாக்குக் கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்றை வாங்கியிருந்தாள். மருமகன் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு மாலையும் நின்று, உள்சுவர்களைத் தன் கையால் பூசினான். பூச்சு முடிந்ததும் துளசி வீடியோவில் வீட்டைக் காட்டினாள். வெடிப்பர் பார்த்துவிட்டு, "கமராவை அந்த யன்னல் மூலைக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ, பிள்ளை" என்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "இது வீடில்லை. விழுறதுக்கு நேரம் பாத்துக்கொண்டு நிக்கிற கல்லுக்குவியல்."

மருமகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். துளசி தொலைபேசியை வைத்துவிட்டாள். அதன் பிறகு தாயோடு மட்டுமே பேசினாள். பேரப்பிள்ளை பிறந்த செய்தியும் தாய் வழியாகத்தான் வெடிப்பருக்கு வந்தது. அந்தக் குழந்தை தவழத் தொடங்கியபோது, வெடிப்பரின் மனைவி சாந்தி அக்கா அவரையும் கூட்டிவர மகளிடம் மன்றாடி ஓர் அனுமதி வாங்கினார். அனுமதியோடு நிபந்தனையும் வந்தது.

"வன் நொக், அம்மா. ஜஸ்ட் வன் நொக். சுவரில ஒருக்காத் தட்டினாலும் அப்பா அவுட். தேசிக்காய் உருட்டினாலும் அவுட்."

சாந்தி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். கோட்டைகளைப் பற்றிய நூல்களை நான் சேர்த்து வைத்திருப்பது அவருக்குத் தெரியும்.

"அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கோட்டையாம். நீங்கள் ரெண்டுபேரும் எங்களோட வாங்கோ. முதல் கொஞ்ச நாள் இவரைக் கோட்டை கோட்டையாக் கூட்டிக்கொண்டு திரிவம். தட்டித் தட்டி இவரின்ர கைக்கு ஆசை தீரட்டும். பிறகு பிள்ளை வீட்டை போவம்."

ஓடவிட்டுக் களைக்கச் செய்த பிறகு குழந்தையை உறங்கவைக்கும் தாயின் தந்திரம் அது. வரலாற்றில் எந்தப் படையும் இப்படியொரு காரணத்துக்காகக் கோட்டை ஏறியிருக்காது என்றாலும், நான் உடனே சம்மதித்தேன்.

சுவிஸில் நாங்கள் ஏறிய முதற்கோட்டை மலைத்தோளில் சிதையாமல் நின்றது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வெடிப்பர் சுவரைத் தட்டினார். சத்தமே வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டி, கையை உதறிக்கொண்டார். டார்னெய்ட்டின் அட்டைச் சுவர்களைத் தட்டிப் பழகிய விரலுக்கு, இரண்டு ஆள் படுக்கக்கூடிய தடிப்புள்ள கருங்கல் பெரும் அவமானத்தைத் தந்தது.

"அத்திவாரத்துக்கு மேல ஈரத்தடை போட்டிருக்கோ எண்டு கேளுங்கோ" என்றார் என்னிடம். நான் கேட்டேன். வழிகாட்டிப் பெண், கோட்டை பல நூற்றாண்டுகளாக நிற்கிறது என்று பெருமையோடு பதில் சொன்னாள்.

"நிக்குதுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா என்னால அறிக்கையில கையெழுத்து வைக்க ஏலாது."

இரண்டாவது கோட்டையில் அவருடைய காற்சட்டைப் பையிலிருந்து தேசிக்காய் வெளிவந்தது. சுவிஸ் வந்து இறங்கிய அன்றே கடைக்குப் போய் வாங்கியிருந்தார். பிரபுவின் பள்ளியறையில், வழிகாட்டி திரைச்சீலைகளின் சிறப்பை விளக்கிக்கொண்டிருந்த வேளையில், அது கயிற்றுத் தடுப்புக்குக் கீழே புகுந்து சீமாட்டியின் கட்டிலடியில் போய் ஒளிந்தது. வெடிப்பர் யோசிக்காமல் தரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். எங்கோ மணி அலறியது. காவலர் ஓடிவந்தார்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! மானம் போகுது!" என்றார் சாந்தி அக்கா.

கட்டிலடியிலிருந்து குரல் வந்தது: "தென்மேற்கு மூலை இறங்கிப்போச்சுது!"

காவலருக்கு என்ன சொல்லலாம் என்று நான் ஆங்கிலத்தில் சொற்களைத் தேடினேன். என் கணவர், "அவருக்குத் தலைசுற்று" என்று சொல்லிவிட்டார். நாங்கள் மிகுந்த மரியாதையோடு வெளியேற்றப்பட்டோம். தேசிக்காயும் எங்களோடு வெளியேறியது.

கடைசிக் கோட்டை முற்றிலும் இடிபாடு. கூரை இல்லை; ஒரு கோபுரத்தின் பாதியும், இரண்டு சுவர்களும், ஆள் நுழையக்கூடிய பிளவுகளுமே மிச்சம். இதைச் சாந்தி அக்கா வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார்.

"பாருங்கோ, முழுக்க வெடிப்பு. ஆசை தீரத் தட்டுங்கோ."

வெடிப்பர் தட்டவில்லை. இடிந்து கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"இதில என்னத்தைத் தட்டுறது? விழுந்துபோடும், கவனமெண்டு சொல்லத்தான் நான் தட்டுறனான். விழுந்த பிறகு ஆருக்குச் சொல்ல?"

அவர் வாயிலிருந்து இப்படியொரு சொல்லை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் வியந்து முடிப்பதற்குள் அவர் எழுந்து விளிம்புக்குப் போய்விட்டார். கீழே கிராமத்தின் கூரைகள் தெரிந்தன.

"பிள்ளையின்ர வீடு எது?"

சாந்தி அக்கா கைகாட்டினார். வெடிப்பர் கூரையைப் பார்த்தார். திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார்.

"இது சரிஞ்சா எந்தப் பக்கம் விழும்?"

"அண்ணை, எத்தனையோ சண்டைக்கு நிண்ட கோபுரம்" என்றார் என் கணவர். "நீங்கள் வந்து பாத்திட்டுப் போறதுக்காக விழாது."

ஆயினும், விளிம்பில் கிடந்த தளர்ந்த கற்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி வைத்த பிறகுதான் அவர் மலையிறங்கச் சம்மதித்தார்.

மறுநாள் மகள் வீடு. துளசி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெடிப்பர் தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கண்காட்சிக்குக் கூட்டிவரப்பட்ட பள்ளிப் பிள்ளைபோல் உள்ளே நுழைந்தார். மருமகன் அடுப்பருகே கதிரை போட்டான். வெடிப்பர் வேண்டாமென்று தலையசைத்து, அதே கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் யன்னலோரச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். அதன் பிறகு அவர் அசையவில்லை. சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டபோதும் எழவில்லை.

"இஞ்சையே சோத்தை ஒரு கோப்பையில போட்டுத் தா, பிள்ளை."

"ஏன் அப்பா? மேசை சரிஞ்சிருக்கோ?"

"இல்லை, இல்லை. மலை ஏறினதில கால் நோகுது."

பேசிக்கொண்டே பையில் கைவிட்டுத் தேசிக்காயை எடுத்தார். சாந்தி அக்காவின் அகப்பை பாதி வழியில் நின்றது. துளசியின் முகம் மாறியது. வெடிப்பர் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதை மகளிடம் நீட்டினார்.

"சொதிக்குப் புளி விட்டனியோ? இல்லையெண்டா இதைப் பிழி."

துளசி அதை வாங்கிக் கையில் உருட்டியபடி நின்றாள். பிறகு குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்தாள். அன்றைய தேங்காய்ப்பால் சொதியைப் போல் நான் இன்றுவரை சுவைத்ததில்லை. சீமாட்டியின் கட்டிலடித் தூசியும் அதில் சேர்ந்திருக்கலாம்.

மாலையில் குழந்தை ஈரமாக்கிய சட்டையை அலசுவதற்காக அவர் ஒருமுறை எழுந்தாக வேண்டியிருந்தது. காலியான கதிரைக்குப் பின்னால், யன்னல் மூலையிலிருந்து தொடங்கிக் கீழே ஓடும் ஒரு வெடிப்பை நான் கண்டேன். எங்கள் பகுதியில் பிள்ளையாருக்குக் கொடுக்கும் வேலையை இந்த மனிதர் பகல் முழுதும் தம் முதுகுக்குக் கொடுத்திருக்கிறார்! ஈரச் சட்டையோடு விரைந்து வந்தவர், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"உங்கட கண்ணுக்கு ஏதும் தெரியுதோ?" என்றார் மெதுவாக.

"இல்லை, அண்ணை."

"பூச்சு மட்டும்தான். சுவருக்கு ஒண்டுமில்லை. முதுகால தள்ளிப் பாத்திட்டன்."

மருமகன் படம் எடுக்க வந்தான். வெடிப்பர் அவசரமாக உட்கார்ந்து, முதுகை அகட்டி, பேரப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்தார். துளசி கதிரையின் கைப்பிடியில் வந்து சாய்ந்துகொண்டாள். அந்தப் படத்தில் சுவர் மாசு மறுவில்லாமல் இருக்கிறது.

அதில் ஒரு பிரதியை நான் கேட்டு வாங்கினேன். எங்கள் வரவேற்பறை மூலையில் இப்போது பிள்ளையார் இல்லை. அவரைச் சுவாமி அறைக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் வெடிப்பரை மாட்டியிருக்கிறேன். அவர் இன்றும் வருகிறார். மற்ற எல்லாச் சுவர்களையும் தட்டுகிறார். அந்த மூலைக்கு வந்ததும் படத்தின் முன் சற்று நிற்பார். அதைத் தூக்கிப் பார்ப்பதில்லை.